அளவு ஜாக்கெட்

துணி விட்டுத் தைக்கோணுமா? எவ்வளவு? ரெண்டு இஞ்சா! ஏங்கண்ணு, முகூர்த்தப் பட்டு ஜாக்கெட்டுல பக்கத்துக்கு ரெண்டு இஞ்சு உள்ள விட்டா அது ஜாக்கெட்டா, தலகாணி உறையா? ஒரு இஞ்சு எல்லாத்துக்கும் விடறதுதான். கல்யாணம் ஆனா கொஞ்சம் பூசுனாப்பல ஆவாங்க, அதுக்குன்னு விடறது. உனக்குக் கல்யாணம் எப்பொ? தையிலயா? இன்னும் மூணு மாசம். மூணு மாசத்துல ரெண்டு இஞ்சு எப்புடி ஏறும்? தப்பா நெனைக்காத. முப்பது வருசமா பொம்பளைக ஒடம்பைத் தொட்டுத் தைக்கறவ, அதனால கேக்கறேன். தள்ளிப் போயிருக்குதா? இல்லையா? அப்பறம்?

ஓ. ஆபரேசனா. மாருக்கு.

சீ, கருமம்! உன்னைச் சொல்லல கண்ணு, நீ ஏன் எந்திரிக்கற? உக்காரு. அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கொமட்டிக்கிட்டு வருது, அதான். பேரென்ன சொன்ன? தாரணியா? உக்காரு தாரணி. கரண்ட்டும் போயிருச்சு, இனி மெசினு ஓடாது. அளவு அப்பறமா எடுத்துக்கலாம். ஒரு பத்து நிமிசம் நான் சொல்றதைக் கேட்டுட்டுப் போ. பழனியம்மா, அந்த ஸ்டூலை இப்படித் தள்ளு. ஏய், பழனியம்மா! பாரு, காது மந்தம் அவளுக்கு. கொக்கி வெக்கறது, ஓரம் மடிச்சு எம்மிங் பண்றது, நோட்டுல அளவு எழுதறது எல்லாம் அவதான். என்ன, கத்திச் சொன்னாத்தான் எழுதுவா.

எனக்கு ஒரே மக. கௌசிகா. எங்கூட்டுக்காரரு போய்ச் சேர்ந்தப்ப அவளுக்கு ஒம்போது வயசு. இந்தக் கடைதான் எங்களுக்குச் சோறு போட்டுச்சு. கோபி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால மரகதம் டெய்லர்னு கேட்டா ஆட்டோக்காரங்கூடக் கொண்டாந்து விட்டுருவான். பள்ளிக்கூடம் விட்டா நேரா இங்கெ வந்து, இதா, நீ உக்காந்திருக்கற எடத்துலதான் வீட்டுப்பாடம் எழுதுவா. நல்லாப் படிச்சா. நல்ல நெறம், நல்ல முடி. ஒடம்புதான் அவிய அப்பனாட்ட, ஒட்டடைக்குச்சி.

வயசுக்கு வந்து ரெண்டு வருசமாச்சு, மூணு வருசமாச்சு, ஒண்ணையும் காணோம். மத்த புள்ளைக எல்லாம் தளதளன்னு வந்து நிக்குதுக. எனக்கு எப்புடி இருக்கும் சொல்லு? நான் சும்மா இருப்பனா? பள்ளிக்கூட யூனிபாரத்துலயே கப் வெச்சுத் தைச்சேன். கடையில விக்கற கப் இல்ல கண்ணு, அதெல்லாம் போட்டா மரக்கட்டையாட்டத் தனியாத் தெரியும். நான் ஸ்பாஞ்சை ரெண்டு மூணு அடுக்கா வெட்டி, ஓரத்தை இழைச்சு, லைனிங்கோட சேர்த்துத் தைப்பேன். கை வெச்சுப் பாத்தாலும் தெரியாது. அவ வேண்டாம்னுதான் சொன்னா. புள்ளைக அப்படித்தான் சொல்லும். அதுக என்னத்தைக் கண்டுச்சு?

என்ற கை வேலையைக் காமிக்கறதுக்கு அவளைத்தான் கூப்புடுவேன். ஒல்லியா யாராவது பொண்ணு வந்து கூச்சப்பட்டு நின்னா, "இதா பாரு, என்ற மக. இவளுக்கு வெறும் பலகை. தெரியுதா? தெரியாது!" அப்படீன்னு சொல்லித் திருப்பித் திருப்பிக் காமிப்பேன். அவ தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிப்பா. ஆனா வந்த பொண்ணுக்கு எவ்வளவு தைரியம் வரும் தெரியுமா? அஞ்சு ஜாக்கெட்டுத் துணி சேர்த்துக் குடுத்துட்டுப் போகும்.

நல்லதுக்கே காலமில்ல. பக்கத்து டீக்கடையில ஒக்காந்திருக்கற வெறும்பயலுக, அவ பதினொண்ணாவது படிக்கறப்ப, அவ நடந்து போனா "இருபத்தெட்டு போகுது, இருபத்தெட்டு போகுது"ன்னு சொல்றானுகளாம். ஒரு நாள் அழுதுக்கிட்டு வந்தா. அவளோட செஸ்ட் அளவு எவன் சொல்லி இவனுகளுக்குத் தெரிஞ்சுது? எப்பேர்ப்பட்ட கேடுகெட்ட பொறப்பு பாரு! விடுவனா நான்? கத்திரியைக் கையில புடிச்சுக்கிட்டு டீக்கடை முன்னால போய் நின்னு, "எவன்டா அது என்ற மகளை இருபத்தெட்டுன்னு சொன்னவன்? இருபத்தெட்டா இருந்தா உனக்கென்னடா? உன்ற அக்கா தங்கச்சிக்கு எத்தனைன்னு இந்த நோட்டுல இருக்குது, படிக்கட்டுமா?"ன்னு கேட்டேன். அந்தியூர் பஸ்ஸே நின்னு பாத்துச்சு. அதுக்கப்பறம் கௌசி கடைப்பக்கமே வர்றதில்ல. பரீட்சை வந்துருச்சு, படிக்கோணும்னா.

சரி, அதை விடு. விசயத்துக்கு வர்றேன்.

படிச்சு முடிச்சா, கோயமுத்தூர்ல வேலை கெடைச்சுது, ஹாஸ்டல்ல இருந்தா. முந்தா வருசம் ஆவணியில நிச்சயம். மாப்பளை அந்தியூரு, பால் சொசைட்டியில வேலை, லோகநாதன்னு பேரு, தங்கமான புள்ள. நிச்சயத்துக்கு நான் தைச்ச ஜாக்கெட்டைப் பாத்திருக்கோணும் நீ! மாம்பழக் கலர் பட்டு, கழுத்துல பாசிமணி கோத்து ஆரி ஒர்க்கு, உள்ள கப்பு மூணு அடுக்கு. ஒரு சுருக்கம், ஒரு இழுப்பு கெடையாது. மாப்பளை ஊட்டு ஒறம்பரை சனமெல்லாம் பொண்ணு மூக்கும் முழியுமா அம்சமா இருக்குதுன்னாங்க. அன்னைக்கு ராத்திரி ஜாக்கெட்டைக் கழட்டறப்ப என்னைக் கேட்டா, "அம்மா, அவருக்கு இது கப்புன்னு தெரியுமா?" நான் சிரிச்சேன். "என்ற தையலு சாமி. கட்டிக்கப் போறவனுக்கே தெரியாது, போ." அவ சிரிக்கல. "கல்யாணத்துக்கு அப்பறம் தெரியுமேம்மா." "அப்பறம் தெரிஞ்சா என்ன, தாலிதான் ஏறிருமே"ன்னு சொன்னேன். தமாசுக்குத்தான் சொன்னேன்.

அடுத்த மாசம் ஆபீஸ்ல டூருன்னு சொல்லிட்டுப் போனவ, ஆபரேசனைப் பண்ணிக்கிட்டு வந்து நிக்கறா. தன்ற சம்பளக் காசுல. எங்கிட்ட ஒரு வார்த்தை இல்ல.

எங்கெ போய்ப் பண்ணியிருக்கறா தெரியுமா? தூ! முடி கொட்டறதுக்கும் மொகப்பருவுக்கும் பாக்கற எடம் அது. கீழ செல்போன் கடை, மேல இவனுக. போன்ல வெளம்பரம் வந்துச்சாம், தீபாவளித் தள்ளுபடி போட்டிருந்தானுகளாம். ஏங்கண்ணு, நைட்டிக்குப் போடுவாங்க தள்ளுபடி, குக்கருக்குப் போடுவாங்க, பொம்பளை மாருக்குப் போடுவானா? கேக்கவே அருவருப்பா இல்ல? ஒரு கோட்டைப் போட்டுக்கிட்டு ஒருத்தன் வந்து பத்தே நிமிசம் பேசுனானாம். புஸ்தகத்தைத் திருப்பிக் காமிச்சு எந்த சைஸ் வேணும்னு கேட்டானாம். இவளுக்குச் சொல்லத் தெரியல. பையைத் தெறந்து நான் தைச்ச நிச்சயதார்த்த ஜாக்கெட்டை எடுத்து மேசை மேல வெச்சாளாம். "இதுக்குச் சரியா வர்ற மாதிரி பண்ணீருங்க"ன்னாளாம்.

அளவு ஜாக்கெட் குடுக்கற மாதிரி! அளவுக்குன்னு பழைய ஜாக்கெட்டை டெய்லர்கிட்டக் குடுப்பாங்கல்ல, அதே மாதிரி. டாக்டருக்கு!

அவன் மனுசனா இருந்தா என்ன பண்ணியிருக்கோணும்? "அம்மா, நான் டெய்லர் இல்ல"ன்னு சொல்லோணும். "இவ்வளவு ஒல்லி ஒடம்புக்கு அத்தனை பெருசு வெச்சா தோலு தாங்காது"ன்னு சொல்லோணும். கம்னாட்டி, டேப்பை எடுத்து என்ற கப்பை அளந்தானாம். என்ற கப்பை! அதைச் சொன்னப்ப எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிச்சு.

ரெண்டு மாரு மடிப்புலயும் கீழ கீறி, ஜெல்லு பையை உள்ள தள்ளித் தைச்சு அனுப்பிட்டான். கல்யாணத்தன்னைக்கு ஆளு ஜம்முன்னுதான் இருந்தா, இல்லீங்கல. ஒண்ணு மட்டும் சொன்னா: காம்புல உணர்ச்சியே இல்லம்மா, மரத்துப் போச்சு, யாரோ ஒருத்தியோடதைத் தொடற மாதிரி இருக்குதுன்னா. அப்படி ஆகலாம்னு அவன் சொல்லவே இல்லையாம். சித்திரையில எடது பக்கம் இறுக ஆரம்பிச்சுது. தொட்டா கல்லு. மெல்ல மெல்ல மேல ஏறி, காரை எலும்புக்குக் கீழ வந்து நிக்குது. ஒரு பக்கம் ஒசரம், ஒரு பக்கம் தாழ்வு. குப்புறப் படுக்க முடியல, பஸ்ஸுல கம்பியைப் புடிக்கக் கையைத் தூக்க முடியல. அவங்கிட்டப் போனா, தேங்காய் எண்ணெ போட்டு நீவி விடுன்னானாம். மறுக்காப் போனா கடை பூட்டியிருக்குது.

அப்பறம் மாப்பளைதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனாரு. நானும் போனேன். அங்கெ ஒரு லேடி டாக்டரு, இந்த ஆபரேசனுக்குன்னே தனியாப் படிச்ச அம்மா. மொதக் கேள்வியே, "உள்ள வெச்சது எந்தக் கம்பெனி, எந்த வகை? கார்டு குடுத்திருப்பாங்களே, எங்கெ?" ஒரு கார்டும் இல்ல. நம்ம மிக்சிக்கே வாரன்டி கார்டு குடுக்கறான் கண்ணு! அந்தம்மா தலையில கை வெச்சுக்கிச்சு. அப்பறம் ஒரு பேப்பர்ல படம் போட்டுச் சொல்லுச்சு. நல்லாக் கேட்டுக்கோ தாரணி, நீ போன்ல பாத்ததுல இதெல்லாம் வந்திருக்காது.

அது ஆயுசுக்கும் இருக்கற சாமான் இல்ல. பத்து வருசமோ பதினஞ்சோ, சிலருக்கு அதுக்கும் முன்னாடியே, எடுக்கோணும், இல்லீன்னா மாத்தோணும். உனக்கு இருபத்தஞ்சு வயசுன்னா இன்னும் எத்தனை தடவை கீறோணும்னு நீயே கணக்குப் போட்டுக்கோ. வெளிச் சாமான் எது உள்ள போனாலும் ஒடம்பு அதைச் சுத்தி ஒரு தோலு கட்டுமாம், சிலருக்கு அந்தத் தோலு இறுகிப் போயிருமாம். கௌசிக்கு ஆனது அதுதான். உள்ளயே பை கிழிஞ்சாலும் வெளிய தெரியாது, அதுக்கு அப்பப்ப ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கிட்டே இருக்கோணும். புள்ளைக்குப் பாலு பெரும்பாலும் குடுக்கலாம், சிலருக்குக் கொறஞ்சு போகும். நாப்பது வயசுக்கு மேல கட்டி கிட்டி இருக்குதான்னு படம் எடுக்கறப்ப, உள்ள இது இருக்குதுன்னு சொல்லியே ஆகோணும், இல்லீன்னா மறைச்சுரும். சில வகைப் பையிலே, ரொம்ப அபூர்வமா, ஒரு மாதிரி புத்துநோய்கூட வருதாம். அதனாலதான் எந்த வகைன்னு கார்டு வேணும்ங்கறது. இத்தனையும் வெக்கறதுக்கு முன்னாடி அவன் சொல்லியிருக்கோணும். ஒண்ணாச்சும் சொன்னானா?

அந்தம்மா இன்னொண்ணும் சொல்லுச்சு, அதுதான் எனக்குப் புடிக்கல. "எல்லாம் தெரிஞ்சு, தனக்காக, தானே யோசிச்சு ஒரு பொண்ணு பண்ணிக்கிட்டா அதுல தப்பு ஒண்ணும் இல்லீங்க"ன்னுச்சு. அப்பறம் கௌசியைப் பாத்து, "நீங்க யாருக்காகப் பண்ணிக்கிட்டீங்க?"ன்னு கேட்டுச்சு. கௌசி என்னைப் பாத்தா. பேச வெக்கம் போல இருக்குது, பாவம். நானே சொன்னேன்: "எல்லாம் இந்தப் போனுதாங்க டாக்டர். போன் பாத்துக் கெட்டுப் போச்சுதுக." அந்தம்மா எங்கிட்டக் கேக்கலையாம். வெளிய உக்காரச் சொல்லிருச்சு.

ஆனியில ரெண்டையும் எடுத்தாங்க. எடுத்ததை ஒரு தட்டுல வெச்சு நர்ஸம்மா காமிச்சா. ஐயோ சாமி! எளநுங்கு மாதிரி வழுவழுன்னு, அதுல ஒண்ணு சுத்தியும் வெள்ளைத் தோலு ஒட்டிக்கிட்டு. அன்னையிலிருந்து நான் நுங்கு திங்கறதில்ல. வண்டியில வித்துக்கிட்டுப் போனாலே வாந்தி வருது.

மாப்பளையைக் கேட்டேன், "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா தம்பி?" ஏங்கண்ணு, அந்த மனுசன் என்ன சொன்னாரு தெரியுமா? "நிச்சயத்தன்னைக்கே தெரியுங்க அத்தை. பந்தியில குனிஞ்சு பரிமாறுனப்ப ஜாக்கெட்டு ஒரு பக்கமும் அவ ஒரு பக்கமும் இருந்தாங்க. நான் அதையா பாத்துக் கட்டுனேன்?" அப்படீங்கறாரு. நான் தைச்சது தெரிஞ்சிருக்குதாம்! முப்பது வருசத்துல ஒருத்தர் கண்டுபுடிச்சதில்ல. ஆரி ஒர்க்கு கனம் இழுத்திருச்சு போல.

பெட்டுல கட்டோட கெடந்தா கௌசி. தோலு தொளதொளன்னு ஆயிருச்சு, முன்னைவிட மோசம். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. பக்கத்துல உக்காந்து தலையைத் தடவி, "அழுவாத சாமி, அம்மா இருக்கறேன்ல. பழையபடி கப் வெச்சுத் தைச்சுக்கலாம், இந்தத் தடவை நாலு அடுக்கு"ன்னு சொன்னேன். வேற எந்த அம்மா இப்படிச் சொல்லுவா? அவ மெதுவாச் சொன்னா: "எல்லாரும் ஒடம்புக்கு ஜாக்கெட் தைப்பாங்கம்மா. நான் உன்ற ஜாக்கெட்டுக்கு ஒடம்பைத் தைச்சுக்கிட்டேன்." சொல்லிட்டுச் செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா. மயக்க மருந்து தெளியல போலன்னு நானும் விட்டுட்டேன்.

அன்னையிலிருந்து எங்கிட்டப் பேச்சு இல்ல. ஒண்ணரை வருசம் ஆகப் போகுது. போன் பண்ணா மாப்பளைதான் எடுக்கறாரு.

இப்பொ அவ மாசமா இருக்கறா. நாளானிக்குக் கட்டுச்சோறு. பலவகைச் சோறு ஆக்கிக் கட்டிக்கிட்டுப் போய், அங்கெ விருந்து வெச்சு, மகளைப் பிரசவத்துக்கு ஊட்டுக்குக் கூட்டிக்கிட்டு வரோணும். அதுதான் மொறை. அவ வரமாட்டேன், இங்கெயே பெத்துக்கறேன்னுட்டா. மாப்பளை பேசிப் பேசி ஒரு வழிக்குக் கொண்டாந்தாரு. ஒரே ஒரு சேதி சொல்லி அனுப்புனா: "எனக்கு என்ற அளவுக்கு ஒரு ஜாக்கெட் தைச்சு அனுப்பச் சொல்லுங்க. உள்ள ஒண்ணும் வெக்கக் கூடாது. அதைப் போட்டுக்கிட்டு அம்மாகூட வர்றேன்." எனக்கு எப்புடி இருந்துச்சு தெரியுமா! கடையைப் பாதி நாள் சாத்திட்டு உக்காந்து தைச்சேன். பச்சைப் பட்டு. இந்தத் தடவை ஆண்டவனே அவளுக்குக் குடுத்திருக்கறான் பாரு, வயித்துல புள்ள இருக்கறப்ப அளவு முப்பத்திரெண்டாம். கப்பே தேவையில்ல.

வெச்சேன். மெல்லிசா. ஒரே ஒரு அடுக்கு, காயிதத்தாட்டம். வேணும்னு வெக்கல கண்ணு. கை அதுவா ஸ்பாஞ்சை எடுத்துருச்சு. தைச்சு முடிச்சதுக்கப்பறம் பாத்தேன். பிரிச்சிருக்கலாம். ஆனா அன்னைக்கு ஒறம்பரையெல்லாம் வருவாங்க, போட்டோ எடுப்பாங்க, ஆயுசுக்கும் இருக்கற போட்டோ. தெரியாதுன்னு அனுப்பிட்டேன்.

நேத்து மாப்பளை வந்து ஒரு கவரைக் குடுத்துட்டு, மொகத்தைப் பாக்காமப் போயிட்டாரு. இதா, இந்த ட்ராயர்லதான் இருக்குது. பாரு. ரெண்டு கப்பு. பிளேடு வெச்சுத் தையலைச் சுத்தி நறுக்கிருக்கறா, ஒரு நூலு பிசிறு இல்ல. எங்கிட்டக் கத்துக்கிட்டதுதான். ஜாக்கெட்டு வரல. அவ வருவாளா மாட்டாளான்னு அவரும் சொல்லல. நாளானிக்குச் சோத்தைக் கட்டிக்கிட்டுப் போய் அத்தனை பேரு முன்னால நிக்கோணும் நான். வண்டியில ஏறுவாளா? புள்ளையைக் காமிப்பாளா? நெனைச்சா ரெண்டு நாளாச் சோறு எறங்கல. எல்லாம் அந்த டாக்டருப் பய பண்ண வேலை! நாசமாப் போக! நான் என்ன கண்ணு தப்புப் பண்ணேன்? நீயே சொல்லு.

என்ன, அந்தக் கப்பையே பாத்துக்கிட்டிருக்கற? குடு இங்கெ.

சரி விடு, கரண்ட்டு வந்துருச்சு. எந்திரி, அளவு எடுத்துரலாம். நேரா நில்லு. கூனாத. என்ற மகளும் இப்படித்தான், டேப்பை எடுத்தாலே குறுகிப் போயிருவா. கையைத் தூக்கு. ம். பழனியம்மா! நோட்டை எடு! செஸ்ட்டு இருபத்தொம்பது! என்ன? இருபத்தொம்பது! முப்பத்தொம்பது இல்லடி, இருபத்தொம்பது, இருபத்தொம்பது! ஆளைப் பாத்தாத் தெரியல?

அட, ஏங்கண்ணு கையை நெஞ்சுல கட்டிக்கற? அவனுக டீக் குடிக்க வந்தவனுக, அவனுகளைப் பாக்காத. டேப்பு கிள்ளிருச்சா? கண்ணெல்லாம் தண்ணி. இங்கெ பாரு, அந்த ஆபரேசன் கருமம் மட்டும் வேண்டாம். என்ற மக மேல சத்தியம், போயிராத. உனக்கு எதுக்கு அதெல்லாம்? நான் இருக்கறேன்ல? துணியே விட வேண்டாம். மெல்லிசா ஒரு கப் வெச்சுத் தர்றேன். கட்டிக்கப் போறவனுக்கே தெரியாது, போ.